பாக்கி ஐம்பது மீட்டர்

ஒலிம்பிக்கில் நீந்திக்கொண்டிருக்கும்போதே நான் சினிமா நடிகனாகிவிட்டேன். இருநூறு மீட்டர் போட்டி. நூற்றைம்பதை முடித்துவிட்டேன். ஐம்பதுதான் பாக்கி. அப்போது கேலரியில் ஒருவர் எழுந்து நின்று, இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சட்டம் கட்டி, அதற்குள் என்னைப் பார்த்தார். பிறகு வா என்று தலையை அசைத்தார். நான் கரையேறிப் போனேன்.

யாரும் தடுக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு பிரமுகர் எனக்குச் சால்வை போர்த்தினார். அது நனைந்துவிட்டதால் வேறு சால்வை கொண்டுவரச் சொல்லி மறுபடியும் போர்த்தினார். மற்ற லேன்களில் இருந்தவர்கள் சுவரைத் தொட்டு, மூச்சிரைத்து, அழுது, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இன்று ரசிகர் மன்றம் கிடையாது.

கேலரியில் எழுந்து நின்றவர் டைரக்டர் இதயகுமாரன். "மூஞ்சி நல்லா இருக்கு. இத எதுக்குத் தண்ணிக்குள்ள கவுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பதினாறு வருஷம் நீந்தியிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

என் பெயர் கடலரசு. எண்கணிதக்காரர் ஒருவர் அதைக் காதில் வாங்கியதும் தும்மினார். பெயரில் ஈரம் இருக்கிறது, படம் ஊறிப் போய்விடும் என்றார். எனக்கு அக்னீஷ் என்று பெயர் வைத்தார்கள். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது படம் நடித்தேன். ஒன்றிலும் என் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மழைப் பாட்டில்கூட மழை என்னை விட்டு இரண்டடி தள்ளித்தான் பெய்யும். என் விக் நனையக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் வரி.

சுயம்புலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் அந்தப் போட்டியில் என் லேனுக்கு நேரம் குறித்தவர். அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எப்படியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வாகி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து நின்றிருந்தார். நீந்துகிறவன் சுவரைத் தொடும்வரை வாட்சை நிறுத்தக் கூடாது என்பது விதி. நான் தொடவில்லை. அதனால் அவர் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக நான் எங்கே போனாலும் பத்தடி தள்ளி நிற்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வலது கட்டைவிரல் வாட்ச் பொத்தானின் மேல். யூனிட்டில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. சினிமாவில் அப்படி முப்பது பேர் இருப்பார்கள்.

காலையில் என்னைப் பார்த்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"ஒரு மட்டம் நீந்தித் தொட்டுருங்க சார். நான் ஊருக்குப் போவணும்."

"பாப்போம் அண்ணாச்சி."

பாப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டிக்கொள்வார்.

ஊரில் அவருக்கு ஒரு மகள். அவர் ஒலிம்பிக்குக்கு விமானம் ஏறிய வாரம் பிறந்தவள். அவர்கள் வீட்டு வழக்கப்படி அப்பாதான் குழந்தையின் காதில் வாய் வைத்து மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. அப்பா வரவில்லை. அதனால் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை. வீட்டில் "ஏட்டி" என்று கூப்பிடுகிறார்கள். அந்தத் தெருவில் எல்லாப் பெண் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏட்டி என்று ஒரு குரல் கேட்டால் ஒன்பது பேர் திரும்புவார்களாம். அவள் மட்டும் திரும்ப மாட்டாளாம். நம்மையாக இருக்காது என்று நினைத்துக்கொள்வாளாம்.

இதைச் சுயம்புலிங்கம் என்னிடம் நான்காவது வருஷத்தில் சொன்னார். நான் அப்போது ஒரு குத்துப்பாட்டுக்கு இடுப்புத் துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பச்சையா சிவப்பா என்று அவரிடம் கேட்டேன். பச்சை என்றார்.

இந்த வருஷம் இதயகுமாரனுக்கு என் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று தோன்றியது. படத்தின் பெயர் ‘நாலாவது லேன்’. கதையில் நான் தங்கம் ஜெயிக்கிறேன்.

"நான் போட்டிய முடிக்கவே இல்லையே" என்றேன்.

"அத யாரு பாத்தா?" என்றார் இதயகுமாரன்.

பத்தடி தள்ளிச் சுயம்புலிங்கம் இருமினார். யாரும் திரும்பவில்லை.

ஆனால் அன்று அவர் முகம் தெளிந்திருந்தது. நீச்சல் படம் என்றால் நீச்சல் குளம் வேண்டும். குளம் என்றால் நான் இறங்கித்தான் ஆக வேண்டும். அவர் போய்த் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். பாவம், சினிமாவில் பதினோரு வருஷம் இருந்தும் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை.

நீரில் இறங்குவதற்கு எனக்கு யூனியன் கார்டு இல்லை. கார் ஓட்டவும், கண்ணாடியை உடைக்கவும், அழவும் கார்டு இருந்தது. நீருக்கு இல்லை. நீரில் இறங்கும் கலைஞர்கள் சங்கத்துக்குப் போகச் சொன்னார்கள். என் மேனேஜரை அழைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் திங்கட்கிழமையிலிருந்து மேசை விசிறியாக இருக்கிறார். யார் எது கேட்டாலும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். முன்பைவிட இப்போது வேலை நன்றாக நடக்கிறது.

சங்கத்தின் நடைபாதை, நாங்கள் நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள் தொண்டைவரை துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட நனைந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு மேசை வந்தது. அதன் பின்னால் செயலாளர் அமலோற்பவம் அம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னா வேணும்?"

"தண்ணியில எறங்கணும்."

"இப்ப காஞ்சு இருக்கீங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுத்துகிறாங்களா?"

"இல்லீங்க."

"அப்போ நனைஞ்சதுக்கு அப்புறம், மின்னாடியே நனைஞ்சிருந்தேன்னு நீங்க சொன்னா நாங்க இன்னா பண்றது?"

அவர் சொன்னது நியாயமாகப்பட்டது. என் சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரும் என்றார்.

"நீச்சல் தெரியுமா?"

"ஒலிம்பிக்ல நீந்தியிருக்கேன்."

"முடிச்சீங்களா?"

"இல்ல."

"முடிக்காததுக்குச் சர்ட்டிபிகேட் குடுக்கறது கெடையாது." அவர் ஒரு இட்லியை எடுத்தார். "கார்டு இருக்கற டூப்பு ஒருத்தர அனுப்புறேன். அவரு எறங்குவாரு. நீங்க ஏறி வாங்க."

சுயம்புலிங்கம் மேசைக்கு முன்னால் வந்தார். "அம்மா, இவங்கதான் எறங்கணும். இவங்க தொட்டாத்தான் நான் வாட்ச அமுக்க முடியும்" என்றார்.

"நீங்க யாரு?"

"நேரம் குறிக்கறவன்."

"அதுக்குக் கார்டு இருக்கா?"

அவரிடம் ஒலிம்பிக்கில் கொடுத்த அட்டை கழுத்தில் இருந்தது. படமெல்லாம் வெளிறி, வெறும் நீல அட்டையாகியிருந்தது. அமலோற்பவம் அம்மாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் மேல் சட்னிக் கிண்ணத்தை வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்து அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். நான் ஒரு நட்சத்திரம். என்னைக் காக்க வைத்ததற்குக் கோபப்பட்டிருக்க வேண்டும். பசித்தது, அவ்வளவுதான்.

டூப் மறுநாளே வந்துவிட்டார். பெயர் நாதமுனி. ஐம்பத்தெட்டு வயது. பின்பக்கமிருந்து பார்த்தால் என்னைப் போலவே இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். நான் என் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

"நீச்சல் வருமாண்ணே?" என்று கேட்டேன்.

"கார்டு கீது சார்" என்றார் நாதமுனி. "நீச்சல் எதுக்கு? கால் தரையில இருக்கும். கைய மட்டும் சுத்துவேன். இருபத்திரெண்டு வருசமா இப்டித்தான். ஒருத்தன் கண்டுபுடிச்சதில்ல."

படத்துக்குப் பூஜை போட்டார்கள். முதல் ஷாட் மங்களமாக இருக்க வேண்டும். அழுகை, சாவு, தோல்வி எதுவும் கூடாது. ஹீரோ ஜெயிக்கிற ஷாட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் படத்தின் கடைசிக் காட்சியை முதலில் எடுத்தோம். நான் வந்து சுவரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டு மேலே பார்த்துச் சிரிக்க வேண்டும்.

குளம் இன்னும் தோண்டவில்லை. சுவர் மட்டும் தயாராக இருந்தது. காய்ந்த தரையில் நீல டைல்ஸ் ஒட்டிய ஒரு சுவர் தனியாக நின்றது. ராகுகாலம் முடிந்ததும் இதயகுமாரன் "ஆக்‌ஷன்" என்றார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து சுவரைத் தொட்டேன். மேலே பார்த்துச் சிரித்தேன். தேங்காய் உடைத்தார்கள். தயாரிப்பாளரின் மாமியாருக்குக் கண் கலங்கியது.

சுயம்புலிங்கம் சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"தொட்டேன்ல அண்ணாச்சி? அமுக்க வேண்டியதுதானே? ஊருக்குப் போக வேண்டியதுதானே?"

"நீங்க நீந்தி வரலியே சார்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. அமுக்கிட்டுப் போயிருவேன்." அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போயி அந்தப் புள்ள காதுல பேரச் சொல்லணும்லா. பொய்ய அமுக்குன கையோட போயி நின்னா, வாயில பேரு வராது சார்."

சரியான கிறுக்கன் என்று நினைத்தேன். மத்தியானம் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியாணி இறங்கவில்லை.

குளம் தோண்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. தண்ணீர் நிரப்பிய அன்று நானும் சுயம்புலிங்கமும் போய்ப் பார்த்தோம். குளத்துக்கு மூன்று பக்கம்தான் இருந்தது. இந்தப் பக்கம் கரை, இடது கரை, வலது கரை. எதிர்ப் பக்கம் சுவர் இல்லை. தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டுடியோ கதவு வழியாக வெளியே போய், கேன்டீனுக்குள் புகுந்து, அந்தப் பக்கமாகத் தெருவில் இறங்கியிருந்தது. கேன்டீனில் எல்லோரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆர்ட் டைரக்டர் குணாளனைக் கூப்பிட்டேன்.

"சுவர் எங்க?"

"சுவர் ஷாட்டுதான் பூஜையன்னிக்கே எடுத்தாச்சே சார்" என்றார் குணாளன். "ஷாட்டு முடிஞ்ச செட்ட யாராச்சும் வச்சிருப்பாங்களா? அன்னிக்கே பிரிச்சாச்சு. இப்ப ஒரு சீரியல்ல அடுப்பங்கரையா இருக்கு. மாமியார் அதுல சாஞ்சிதான் அழுவாங்க. சூப்பரா மேட்ச் ஆயிருக்கு."

"அப்ப குளம் எங்க முடியும்?"

"முடிவுதான் எடுத்தாச்சே சார்."

அவருக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்காது. நானும் பதினோரு வருஷமாகக் கல்யாணத்தை முதலிலும் காதலைப் பிறகும் நடித்தவன்தான். சுயம்புலிங்கம் மட்டும் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் போகிற திசையைப் பார்த்தார்.

"தெக்கால போவுது" என்றார்.

ஷூட்டிங் ஒரே நாளில் முடிந்தது. நாதமுனி இறங்கினார். காலைத் தரையில் ஊன்றி, கைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கேன்டீன்வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். இதயகுமாரன் ஓகே சொன்னார். டீ கிளாஸைக் கிராபிக்ஸில் எடுத்துவிடலாம் என்றார்.

பிறகு மானிட்டரில் போட்டுப் பார்த்தார்கள். நாதமுனியின் முதுகு வந்தது. அடுத்து நான் சுவரைத் தொட்டுச் சிரித்தேன். யூனிட்டே அழுதது. லைட்மேன்கள் விசிலடித்தார்கள். தயாரிப்பாளர் ஓடிப் போய் நாதமுனியைக் கட்டிப்பிடித்தார். மேக்கப்காரர் அவர் காலில் விழுந்தார். யாரோ அவரிடம், ஒலிம்பிக்கில் நீந்துவது எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் நாதமுனி, தலையைத் துவட்டிக்கொண்டே. "கடைசி அம்பது மீட்டர்தான் பேஜாரு."

எனக்குச் சுருக்கென்றது. கடைசி ஐம்பது மீட்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பூசணிக்காயைக் கொண்டுவந்தார்கள். படம் முடிந்தால் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்துவிட்டால் முடிந்தது முடிந்ததுதான். அதற்கப்புறம் ஒரு ஷாட் எடுக்க மாட்டார்கள். குளத்தை வடித்துவிட்டு அந்த இடத்தில் கோர்ட் செட் போடுவதாக இருந்தார்கள். நீதிபதி ஏற்கெனவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

சுயம்புலிங்கம் என்னிடம் வந்தார். அன்று அவர் நீந்தித் தொட்டுருங்க என்று சொல்லவில்லை.

"பேரில்லாத புள்ளைய ஆறாங்கிளாஸ்ல சேக்க மாட்டோம்னுட்டாங்களாம் சார். ரெண்டாவது வருசமா அஞ்சாங்கிளாஸ்லயே உக்காந்திருக்காளாம். பாடமெல்லாம் மனப்பாடம் ஆயிட்டாம்."

"அவளுக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

"அவ காதுல சொல்லாம இன்னொருத்தர்ட்டச் சொல்லக் கூடாது சார்" என்றார்.

அங்கே நூற்றிருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் மானிட்டரில் நாதமுனியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுயம்புலிங்கம் ஒருவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. திரையைப் பார்க்கிற நேரத்தில் நான் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று தியேட்டரிலும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அழகாகச் சொல்ல வழியில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

விக்கைக் கழற்றி மேனேஜரின் மேல் மாட்டினேன். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். சட்டையைக் கழற்றினேன். தண்ணீரில் இறங்கி, கரைச் சுவரில் கால் வைத்து உந்தினேன்.

பின்னால் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. "அக்னீஷ்! என்ன பண்றீங்க?" என்று இதயகுமாரன் கத்தினார். "பூசணிக்கா ஒடச்சாச்சு! இனி நீங்க என்ன பண்ணாலும் படத்துல வராது!"

தண்ணீருக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாய் உள்ளே போனது. மஞ்சளும் குளோரினும் சாம்பாரும் கலந்த ருசி.

ஐம்பது மீட்டர் கேன்டீனோடு முடிந்தது. சுவர் இல்லை. சுயம்புலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து வந்தார்.

"தூரம் ஆயிட்டு சார். ஆனா சுவரு வரல. நிக்காதீங்க. சுவத்தத் தொட்டாத்தான்."

தெருவில் இறங்கினேன். வடபழனி சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்ததும் நீந்தினேன். தாம்பரத்தில் தோள் வலித்தது. செங்கல்பட்டில் அது என் தோளே இல்லை என்று ஆகிவிட்டது. விழுப்புரத்தில் இரண்டு பேர் பாலத்தின் மேல் நின்று எச்சில் துப்பிக்கொண்டிருந்தார்கள். நான் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தலையைத் திருப்பும்போது வெள்ளைப் பேன்ட் தெரிந்தது. அவருக்கும் கால் வலித்திருக்கும். கேட்கவில்லை. எனக்கு மூச்சு அவ்வளவு இல்லை.

திருச்சியில் என்னுடைய நாற்பதடிக் கட்அவுட் ஒன்றைக் கரையோரம் நிறுத்தியிருந்தார்கள். மேலே நாலு பேர் ஏறிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பால் என் தலையில் விழுந்தது.

"யோவ், தள்ளிப் போய்யா!" என்று ஒருவன் கத்தினான். "தலைவருக்கு அபிஷேகம் நடக்குதுல்ல? கால்மாட்டுல வந்து குளிக்கிற?"

நான்தான் அது என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணாந்து பார்த்தேன். கட்அவுட்டின் முகம் நன்றாக இருந்தது. காய்ந்திருந்தது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கி நீந்தினேன்.

மதுரைக்கு அப்பால் இனி முடியாது என்றேன்.

"முடியாதுன்னா முடியாதுதான் சார்" என்றார் சுயம்புலிங்கம். "நானும் இங்கயே நிக்கேன். ஒண்ணும் அவசரமில்ல."

அவர் நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. அந்த விரல் நகம் வாட்சின் வளைவுக்கே வளைந்து போயிருந்தது. கோபமாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே கரையேறியிருப்பேன். அந்த மனுஷன் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே மறுபடி கையை வீசினேன். கோவில்பட்டிவரை அவரைத் திட்டினேன். அதற்கப்புறம் என்னைத் திட்டினேன். அதில் சுருதி நன்றாகச் சேர்ந்தது.

அம்பாசமுத்திரத்தில் தண்ணீர் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் வழியாகப் போனது. மைதானத்தில் முப்பத்திரண்டு ஆண்கள் வரிசையாக விறைத்து நின்றார்கள். எல்லோருக்கும் மீசை. எல்லோரும் அரைக்கால் சட்டை. சுயம்புலிங்கம் விமானம் ஏறப் போன அவசரத்தில் ஏழாம் வகுப்புக்கு அட்டென்ஷன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் நடந்துகொண்டே "ஸ்டாண்டட்டீஸ்!" என்றார். முப்பத்திரண்டு வலது கால்களும் ஒன்றாக விலகின. ஒருவன் மட்டும் பாத்ரூம் போக அனுமதி கேட்டான்.

மைதானத்தைத் தாண்டித் தெரு. தெருவின் கடைசியில் ஒரு வீட்டின் பின்சுவர். அதில் சிமென்ட் விளம்பரம் எழுதியிருந்தது. தண்ணீர் அதில் மோதி நின்றது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

கடைசி நாலு வீச்சு நான் மூச்சு எடுக்கவில்லை. கையை நீட்டித் தொட்டேன். சொரசொரப்பான சுவர். விரலில் தோல் உரிந்தது. தலைக்கு மேல் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மிகவும் சின்னச் சத்தம்.

"பதினோரு வருசம், நாலு மாசம், ஒம்பது நாளு, ஏழு மணி, ரெண்டு நிமிசம், பதினாலு செகண்டு" என்று சுயம்புலிங்கம் வாசித்தார். பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். "எட்டாவது எடம். சரிதானா சார்?"

"சரிதான்."

அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும். பின்வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. இன்னொரு கையால் மடக்கிவிட்டார்.

கதவு திறந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். பாவாடை சட்டை, ரெட்டை ஜடை. அஞ்சாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள், பார்க்காமலே பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த வாட்சைப் பார்த்தாள். ஓடி வரவில்லை, அழவுமில்லை. கிட்டத்தில் வந்து, முடியை ஒதுக்கி, காதைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் அவள் காதில் வாய் வைத்து மூன்று முறை சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் என்னைப் பார்க்காத ஒரு நிமிஷத்தை நான் அப்போதுதான் முதல் முறையாக அனுபவித்தேன். குளிரெடுத்தது.

பிள்ளை அங்கேயே நின்றாள். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற என்னைக் கவனித்தாள். நான் என் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். பத்தொன்பது படங்களில் சிரித்த சிரிப்பைச் சிரித்தேன்.

"நீங்க யாரு?" என்றாள்.

நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சங்கரவடிவு!"

பிள்ளை அசையவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"சங்கரவடிவூ!"

அவள் தெருவை அந்தக் கோடிவரை பார்த்தாள். இந்தக் கோடிவரை பார்த்தாள். தெருவில் ஒருத்தரும் இல்லை. என்னைப் பார்த்தாள். என் பெயராக இருக்குமோ என்று யோசிப்பதுபோல் இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையிலிருந்த புத்தகம் தண்ணீரில் விழுந்தது.

"எங்கம்மா என்னையத்தான் கூப்புடுதா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, என்னம்மா என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.